பூட்டும் பிரிட்ஜ் உள்ள கிட்டாருக்குக் கம்பி மாற்றுவது: முழு வழிகாட்டி

ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் (கம்பிகளைக் கிட்டாரின் உடல் பக்கம் பூட்டிப் பிடிக்கும் உலோக அமைப்பு) உள்ள எலெக்ட்ரிக் கிட்டாரை ஆசையாக வாங்கிய பலர், முதல் தடவை கம்பி மாற்ற வேண்டிய நாள் வந்ததும் அதைப் பைக்குள் போட்டு ஓரமாக வைத்துவிடுகிறார்கள். அப்படி வருடக்கணக்காகத் துருப்பிடித்துக் கிடக்கும் நல்ல கிட்டார்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்காது. இந்த வேலை கடினமானது இல்லை. ஆனால் எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்கிற வரிசை இதில் ரொம்ப முக்கியம். வரிசை தப்பினால் ஒரு ராத்திரி முழுக்கப் போய்விடும்.

எனக்கு அப்படித்தான் போனது. சாதாரண கிட்டாரைப் போலவே நினைத்து ஆறு கம்பியையும் ஒரே மூச்சில் கழற்றினேன். கடைசிக் கம்பி தளர்ந்ததும் பிரிட்ஜ் குழிக்குள் சாய்ந்தது. பின்பக்கம் ஒரு ஸ்பிரிங் கழன்று விழுந்தது. புதுக் கம்பி போட்டு ஒன்றைச் சுருதி சேர்த்தால், ஏற்கெனவே சேர்த்து வைத்தவை இறங்கின. அவற்றைச் சரிசெய்தால் முதல் கம்பி இறங்கியது. விடியும்வரை அதே கதை. ஏன் அப்படி ஆகிறது என்பது புரிந்தபிறகு, அதே வேலை முக்கால் மணி நேரத்தில் முடிகிறது. அதனால் முதலில் அந்த "ஏன்".

உள்ளே என்ன நடக்கிறது

இந்த பிரிட்ஜ் கிட்டாரின் உடலில் திருகி இறுக்கப்பட்டது இல்லை. முன்பக்கம் இரண்டு தூண்கள், அவற்றின் பள்ளத்தில் பிரிட்ஜின் இரண்டு கத்தி விளிம்புகள். அவ்வளவுதான் பிடிமானம். கம்பிகள் ஆறும் பிரிட்ஜைக் கழுத்துப் பக்கமாக இழுக்கின்றன. கிட்டாரின் முதுகில் உள்ள குழிக்குள் மூன்று முதல் ஐந்து ஸ்பிரிங்குகள் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. இரண்டு இழுப்பும் சமமாக இருக்கும்போது பிரிட்ஜ் தராசு முள் மாதிரி நேராக நிற்கிறது.

9-42 அளவுள்ள (மெல்லிய கம்பி 0.009 அங்குலம், தடித்தது 0.042 அங்குலம்) கம்பி செட்டை வழக்கமான சுருதியில் வைத்தால், ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 38 கிலோ எடைக்கு ஈடாக இழுக்கும். 10-46 செட் என்றால் சுமார் 47 கிலோ. அந்த அளவு பாரம் இந்தப் பக்கம் இருந்தால், அதே அளவு அந்தப் பக்கமும் இருந்தாக வேண்டும். ஒரு கம்பியை முறுக்கினால் பிரிட்ஜ் ஒரு மயிரிழை முன்னால் சாயும், அதனால் மற்ற ஐந்தும் கொஞ்சம் தளரும். அன்று ராத்திரி எனக்கு நடந்தது இதுதான். நடுக் கச்சேரியில் ஒரு கம்பி அறுந்தால் மொத்தக் கிட்டாரும் சுருதி தவறுவதும் இதனால்தான்.

இதைக் கண்டுபிடித்த ஃப்ளாய்ட் ரோஸ் அமெரிக்கர், கிட்டார் வாசிப்பவர், நகை வேலையும் தெரிந்தவர். வாம்மி பாரை (பிரிட்ஜைச் சாய்த்துச் சுருதியை ஏற்றி இறக்கும் கைப்பிடி) அழுத்திவிட்டு விட்டால் கம்பி பழைய சுருதிக்குத் திரும்புவதில்லை என்பது அவருக்குத் தொல்லையாக இருந்தது. கம்பி எங்கே வழுக்குகிறது என்று பார்த்தால், நட்டில் வழுக்குகிறது. அதனால் 1976 வாக்கில் நட்டிலேயே கம்பியைக் கவ்விப் பிடிக்கும் அமைப்பில் இறங்கினார். 1979-இல் காப்புரிமை கிடைத்தது. நட் பூட்டிவிட்டால் தலையில் கம்பியைச் சுற்றி முறுக்கும் டியூனரால் பயனில்லை அல்லவா, அதற்காகப் பிரிட்ஜிலேயே சுருதியை நுணுக்கமாக ஏற்றி இறக்கும் சின்னச் சின்ன ஃபைன் டியூனர்கள் பிற்பாடு வந்தன. (நட் என்று நான் சொல்வது போல்ட்டில் போடும் நட்டு இல்லை. கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் கம்பிகள் ஏறி உட்காரும் துண்டு.)

இபனெஸ் நிறுவனத்தின் எட்ஜ் பிரிட்ஜ் வகைகளும், மலிவான நகல்களும் இதே கொள்கையில்தான் வேலை செய்கின்றன. திருகாணிகளின் இடமும் அளவும் கொஞ்சம் மாறலாம்.

எடுத்து வைக்க வேண்டியவை

3 மில்லிமீட்டர் ஆலன் கீ, 2.5 மில்லிமீட்டர் ஆலன் கீ, ஸ்டார் திருப்புளி, கூர்மையான கட்டிங் பிளேயர், சுருதி காட்டும் டியூனர் கருவி அல்லது போனில் ஆப், பழைய பனியன் துணி, கழுத்துக்கு அடியில் வைக்க மடித்த துண்டு. அப்புறம் பிரிட்ஜுக்கு அடியில் முட்டுக் கொடுக்க ஏதாவது ஒன்று: சீட்டுக்கட்டில் பத்துப் பதினைந்து சீட்டு, சின்ன மரத்துண்டு, அழிரப்பர், எதுவானாலும் சரி. சீட்டு எனக்குப் பிடிக்கும், ஒன்றொன்றாகக் கூட்டிக் குறைக்கலாம்.

ஆலன் கீயில் மட்டும் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். முனை மழுங்கிய கீயைப் போட்டுத் திருகினால் திருகாணியின் தலைக்குழி வட்டமாகிவிடும். அதன்பிறகு அதைக் கழற்றுவது பெரும்பாடு.

கம்பி வாங்கும்போது, இப்போது போட்டிருக்கும் அதே அளவை வாங்குங்கள். முதல் தடவை செய்பவருக்கு நான் சொல்லும் மிக முக்கியமான அறிவுரை இது. அதே அளவு, அதே சுருதி என்றால் ஸ்பிரிங் பக்கம் கையே வைக்க வேண்டாம்.

முட்டுக் கொடுத்தல்

பழைய கம்பிகள் இருக்கும்போதே கிட்டாரைச் சுருதி சேர்த்து, பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். பிரிட்ஜின் அடித்தட்டு கிட்டாரின் மேற்பரப்புக்கு இணையாக இருக்கிறதா? இருந்தால் அந்த நிலையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப வந்து சேர வேண்டிய இடம் அது.

இப்போது வாம்மி பாரை மெல்ல அழுத்துங்கள். பிரிட்ஜின் பின்பக்கம் மேலே எழும். அந்த இடைவெளியில் சீட்டுகளைச் செருகிவிட்டு பாரை விடுங்கள். கம்பிகள் போனபிறகு ஸ்பிரிங்குகள் பின்பக்கத்தைக் கீழே இழுக்கும், சீட்டுகள் அதைத் தாங்கிக்கொள்ளும். தட்டு இணையாக நிற்கும் அளவுக்குச் சரியாக வைத்தால், பின்னால் சுருதி சேர்க்கும்போது பாதி வேலை மிச்சம். சீட்டுக்கும் பெயின்டுக்கும் நடுவே துணியை ஒரு மடிப்புப் போட்டு வையுங்கள், கீறல் விழாது.

பழைய கம்பியைக் கழற்றுதல்

முதலில் நட். அதில் மூன்று கவ்விகள், ஒவ்வொன்றும் இரண்டு கம்பிகளைப் பிடித்திருக்கும். 3 மில்லிமீட்டர் கீயால் மூன்றையும் தளர்த்தி, கவ்விகளை எடுத்து ஒரு கிண்ணத்தில் போடுங்கள். நட் பூட்டியிருக்கும்போது தலையில் உள்ள டியூனரைத் திருப்பவே கூடாது. நட்டுக்கும் டியூனருக்கும் நடுவே உள்ள சின்னத் துண்டு மட்டும் இறுகி, பட்டென்று அறுந்து கையைக் கிழிக்கும்.

அடுத்து, பிரிட்ஜில் உள்ள ஆறு ஃபைன் டியூனர்களையும் அவற்றின் நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள். முழுக்க உள்ளே போயிருந்தால் பின்னால் சுருதியை ஏற்ற இடமிருக்காது, முழுக்க வெளியே வந்திருந்தால் இறக்க இடமிருக்காது. பலர் மறப்பது இதைத்தான்.

இனி டியூனர்களைத் திருப்பிக் கம்பிகளைத் தளர்த்துங்கள். நன்றாகத் தொய்ந்தபிறகுதான் வெட்ட வேண்டும். விறைப்பாக இருக்கும் கம்பியை வெட்டினால் முகத்தில் அடிக்கும்.

பிரெட்போர்டை (கழுத்தில் விரல் வைத்து அழுத்தும் பலகை) துடைக்கும் எண்ணம் இல்லையென்றால், ஒரு கம்பியைக் கழற்றி ஒரு கம்பியைப் போட்டு என்று ஒவ்வொன்றாகப் போகலாம். தராசு அவ்வளவாக ஆடாது. ஆனால் முட்டுக் கொடுத்தபிறகு ஆறையும் சேர்த்துக் கழற்றுவதில் எந்த ஆபத்தும் இல்லை. நான் கழற்றித்தான் செய்கிறேன், அப்போதுதான் பிசுக்கு முழுக்கப் போகும்.

கம்பியைப் பிரிட்ஜிலிருந்து விடுவிக்க, சாடிலுக்கு (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் ஏறி உட்காரும் சின்ன உலோகத் துண்டு) பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நீளமான திருகாணியை 3 மில்லிமீட்டர் கீயால் தளர்த்துங்கள். சாடிலுக்குள்ளே சின்ன இரும்புக் கட்டை ஒன்று இருக்கிறது. திருகாணி அதைத் தள்ள, கட்டை கம்பியைச் சாடிலின் முன்சுவரோடு சேர்த்து நசுக்கிப் பிடிக்கிறது. ரொம்பத் தளர்த்தினால் கட்டை வெளியே விழுந்து தரையில் உருண்டோடும், அல்லது குழிக்குள் போய்விடும். அதனால் இந்த வேலையைத் தரையில் துண்டு விரித்துச் செய்யுங்கள். கட்டைகளை ஒரு பார்வை பாருங்கள். கம்பி பதிந்த லேசான தடம் சகஜம். ஆழமான பள்ளமோ விரிசலோ இருந்தால் மாற்றிவிடுங்கள், அவை தனியாகவே கிடைக்கும்.

துடைத்தல்

கம்பிகள் இல்லாத இந்த அரைமணி நேரம் கிட்டாருக்குப் பொன்னான நேரம். ஃப்ரெட்டுகளின் (பிரெட்போர்டில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) ஓரங்களில் வியர்வையும் தோலும் சேர்ந்த கறுப்புப் பிசுக்கு இருக்கும். லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். ரோஸ்வுட், எபனி போல மேற்பூச்சு இல்லாத மரமென்றால், பிரெட்போர்டுக்கென்றே விற்கும் லெமன் ஆயில் இரண்டு மூன்று சொட்டுத் தடவி, ஐந்து நிமிடம் விட்டுத் துடைத்தெடுக்கலாம். வார்னிஷ் போட்ட மேப்பிள் என்றால் எண்ணெயே வேண்டாம். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். நாளாவட்டத்தில் சிக்கு வாடை அடிக்கும், அழுக்கையும் பிடித்து வைக்கும்.

சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போலக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். இந்த பிரிட்ஜில் சின்னத் திருகாணிகள் ஏராளம், உப்புக்காற்றும் வியர்வையும் முதலில் தின்பது அவற்றைத்தான். ஃபைன் டியூனர்களைக் கழற்றி, பழைய பல் பிரஷால் மரையைத் தேய்த்து, தையல் மெஷின் எண்ணெயில் ஒரு சொட்டு வைத்துத் திரும்பப் போடுங்கள். சாடிலுக்குள் கம்பியைக் கவ்வும் இடத்தில் மட்டும் எண்ணெய் படக்கூடாது. பட்டால் கம்பி வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

புதுக் கம்பி

கம்பியின் ஒரு நுனியில் பித்தளை வளையம் இருக்கும். அதையும், அதை ஒட்டி முறுக்கியிருக்கும் பகுதியையும் சேர்த்து வெட்டிவிடுங்கள். முறுக்கில் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் சாடிலுக்குள் சரியாக உட்காராது. வெட்டாமல் செய்யவும் ஒரு வழி உண்டு. வளையம் டியூனர் பக்கம் இருக்கும்படி கம்பியைத் தலையிலிருந்து தலைகீழாகக் கோத்து, வெறும் நுனியைச் சாடிலுக்குக் கொண்டுவரலாம். இபனெஸ் எட்ஜ் ப்ரோ போன்ற சிலவற்றில் வளையத்தோடேயே போடலாம்.

வெட்டிய நுனியைச் சாடிலின் வாய்க்குள், கட்டைக்கும் முன்சுவருக்கும் நடுவே, அடிவரை இறக்குங்கள். கம்பி ஒரு பக்கமாக ஒதுங்காமல் நடுவில் இருக்க வேண்டும். ஒதுங்கினால் கட்டை கோணலாகி, கம்பி வாசிக்கும்போது உருவிக்கொள்ளும். பின்னால் உள்ள நீளத் திருகாணியை இறுக்குங்கள். எவ்வளவு இறுக்குவது? ஆலன் கீயின் குட்டைப் பக்கத்தை விரல்களால் பிடித்துத் திருப்பினால் எங்கே நிற்கிறதோ, அதற்குமேல் ஒரு சின்ன அழுத்தம். மல்லுக்கட்டி இறுக்கினால் சாடிலில் விரிசல் விடும், மரை போய்விடும்.

பிறகு கம்பியை நட்டின் பள்ளத்தில் வைத்து, நட்டுக்குப் பின்னால் தலையில் உள்ள குறுக்குக் கம்பிக்கு அடியில் நுழைத்து, டியூனரில் இரண்டு மூன்று சுற்று வரும்படி சுற்றுங்கள். அந்தக் குறுக்குக் கம்பி அழகுக்கு இல்லை. கம்பிகளைக் கீழே அமுக்கி நட்டில் படியச் செய்கிறது. படியாமல் மேலே நின்றால், கவ்வியை இறுக்கும்போது அது கம்பியைக் கீழே தள்ளிச் சுருதியை ஏற்றிவிடும். நட் பூட்டும்போதெல்லாம் சுருதி தாறுமாறாக ஏறுகிறது என்றால், அந்தக் குறுக்குக் கம்பியின் இரண்டு திருகாணிகளையும் கொஞ்சம் இறக்கிவிடுங்கள்.

சுருதி சேர்த்தல்

பொறுமை தேவைப்படுவது இங்கேதான். முட்டுக் கொடுத்த சீட்டுகளை எடுக்காமல், நட்டைப் பூட்டாமல், தடித்த ஈ (E) கம்பி முதல் மெல்லிய ஈ கம்பி வரை ஆறையும் சுருதிக்குக் கொண்டுவாருங்கள். முட்டு இருக்கும்வரை பிரிட்ஜ் அசையாது, சாதாரண கிட்டாரைப் போலவே சேர்க்கலாம்.

இப்போது ஒவ்வொரு கம்பியையும் பிரெட்போர்டிலிருந்து விரலால் மெல்லத் தூக்கி, நீளம் முழுக்க இழுத்துவிடுங்கள். சுருதி இறங்கும். திரும்பச் சேருங்கள். மூன்று நான்கு தடவை செய்தால் இறங்குவது நின்றுவிடும். இதைத் தாண்டிக் குதித்து நட்டைப் பூட்டினால், கம்பி அப்புறம் நீண்டு நீண்டு ஃபைன் டியூனர்கள் முழுக்க உள்ளே போய்விடும். திரும்ப நட்டைத் திறந்து முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான்.

ஆறும் சுருதியில் இருக்கும்போது சீட்டுகளை அசைத்துப் பாருங்கள். லேசாக உரசிக்கொண்டு கையோடு வந்தால் தராசு சமம், வேலை முடிந்த மாதிரி. இறுகிப் போய் வரவே மறுத்தால் ஸ்பிரிங்குகள் ஜெயிக்கின்றன. சுருதிக்கு வருவதற்குள் பிரிட்ஜ் மேலெழும்பி, சீட்டு தானாகக் கழன்று விழுந்தால் கம்பிகள் ஜெயிக்கின்றன. அதே அளவுக் கம்பி போட்டிருந்தால் வித்தியாசம் சொற்பமாகத்தான் இருக்கும். சீட்டை எடுத்துவிட்டு, ஆறு கம்பியையும் இன்னும் இரண்டு மூன்று சுற்றுச் சரிசெய்தால் போதும். சுற்றுக்குச் சுற்றுத் தவறு குறைந்துகொண்டே வரும், பதற வேண்டாம்.

ஸ்பிரிங் பக்கம் போக வேண்டி வந்தால்

தடித்த செட்டுக்கு மாறினாலோ சுருதியை மாற்றினாலோ இது கட்டாயம். முதுகில் உள்ள மூடியைக் கழற்றுங்கள். ஸ்பிரிங்குகள் எல்லாம் ஒரு கொக்கித் தகட்டில் மாட்டியிருக்கும், அந்தத் தகட்டை இரண்டு நீளத் திருகாணிகள் மரத்தோடு பிடித்திருக்கும். பிரிட்ஜின் பின்பக்கம் தூக்கி நின்றால் அந்த இரண்டையும் இறுக்க வேண்டும். குழிக்குள் சாய்ந்து நின்றால் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்று, இரண்டிலும் சமமாக. உடனே சுருதி சேர்த்துவிட்டு மறுபடி பாருங்கள். கிட்டாரைச் சுருதி சேர்க்காமல் பிரிட்ஜின் சாய்வைப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

திருகாணி ரொம்ப இறுகி மரத்தில் முட்டுகிற அளவுக்குப் போய்விட்டால், இன்னொரு ஸ்பிரிங் சேர்த்துக்கொள்ளுங்கள். பார் அடிக்கும்போது குழிக்குள்ளிருந்து "கொய்ங்" என்று சத்தம் வந்தால், ஸ்பிரிங்குகளுக்கு அடியில் ஒரு சின்ன ஸ்பாஞ்சுத் துண்டை வையுங்கள், அடங்கிவிடும்.

ராக் கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலன் தன் பிரிட்ஜை மிதக்க விடாமல், உடலோடு ஒட்டியே வைத்திருந்தார். பாரைக் கீழே மட்டும் அழுத்தலாம், மேலே இழுக்க முடியாது. ஆனால் கம்பி அறுந்தாலும் மற்றவை பெரிதாகச் சுருதி தவறாது, தடித்த ஈ கம்பியை டி (D) சுரத்துக்கு இறக்கி வாசிப்பதும் எளிது. மேலே இழுக்கும் வித்தை தேவைப்படாதவர்களுக்கு இந்த அமைப்பைத் தாராளமாகச் சொல்வேன்.

பூட்டுதல்

சுருதி நிலைத்துவிட்டதா, பாரை நாலு தடவை அழுத்திவிட்டு மறுபடி பாருங்கள். நிலைத்திருந்தால் கவ்விகளை வைத்து மூன்றையும் இறுக்குங்கள். சாடிலுக்குச் சொன்ன அதே அளவு, அதற்குமேல் வேண்டாம். கம்பி கொஞ்சம் ஏறும் அல்லது இறங்கும், அதை ஃபைன் டியூனரால் சரிசெய்யுங்கள். இனிமேல் தலையில் உள்ள டியூனர்களைத் தொடவே வேண்டாம். டியூனரில் நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளைக் குட்டையாக வெட்டிவிடுங்கள்.

இன்டொனேஷன்

கழுத்து முழுக்கச் சுரங்கள் சரியாக ஒலிக்கும்படி செய்வதுதான் இன்டொனேஷன். கம்பியை 12-ஆம் ஃப்ரெட்டில் அழுத்தி வாசித்த சுரம், அதே இடத்தில் விரலை வெறுமனே தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கோடு ஒத்துப்போக வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சாடிலைக் கழுத்திலிருந்து விலக்கிப் பின்னால் நகர்த்த வேண்டும். இறங்கியிருந்தால் முன்னால்.

சாடிலின் முன்னால், கம்பிக்கு அடியில், 2.5 மில்லிமீட்டர் கீ போகும் திருகாணி ஒன்று அதைத் தட்டோடு பிடித்திருக்கிறது. அதைத் தளர்த்துவதற்கு முன் அந்தக் கம்பியை நன்றாகத் தளர்த்திவிடுங்கள். விறைப்பாக இருக்கும்போது தளர்த்தினால் சாடில் முன்னால் பாயும், எங்கே நின்றது என்ற அடையாளமும் போய்விடும். அரை மில்லிமீட்டர் நகர்த்தி, இறுக்கி, சுருதி சேர்த்து, சோதித்துப் பாருங்கள். ஆறுக்கும் செய்ய ஒரு மணி நேரம் பிடிக்கும். ஒரே அளவுக் கம்பி போடுகிறவர்களுக்கு இது அடிக்கடி தேவைப்படாது. சாடில்கள் ஒரே உயரம் இல்லை, நடுவில் இருப்பவை உயரம், ஓரத்தில் இருப்பவை குட்டை. கழற்றினால் இடம் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

கத்தி விளிம்பைக் காப்பாற்றுங்கள்

கம்பியின் உயரத்தை மாற்ற அந்த இரண்டு தூண்களைத் திருப்ப வேண்டும். 12-ஆம் ஃப்ரெட்டில் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி பலருக்கும் கைக்கு இதமாக இருக்கும். ஆனால் கம்பிகள் முழு விறைப்பில் இருக்கும்போது தூணைத் திருப்பாதீர்கள். அத்தனை கிலோ இழுவையில் இரும்பும் இரும்பும் அரைந்து கத்தி விளிம்பு மழுங்கும். மழுங்கினால் பாரை விட்டபிறகு பிரிட்ஜ் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் வந்து நிற்கும். எவ்வளவு பூட்டினாலும் சுருதி நிற்காது, அடித்தட்டையே மாற்ற வேண்டி வரும். இந்த பிரிட்ஜில் நான் மிகவும் பயந்து காப்பாற்றுவது அந்த இரண்டு விளிம்புகளைத்தான். கம்பிகளைத் தளர்த்திவிட்டுத் திருப்புங்கள். வருடத்தில் ஓரிரு முறை விளிம்பும் தூணும் தொடும் இடத்தில் துளி வாசலின் தடவுங்கள்.

வாசித்து முடித்ததும் கம்பிகளையும் பிரிட்ஜையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு வையுங்கள். கிட்டார் பையில் 3 மில்லிமீட்டர் கீ ஒன்று, வளையம் வெட்டித் தயாராக வைத்த மெல்லிய ஈ கம்பி ஒன்று, சாடில் கட்டை ஒன்று, ஒரு சின்ன டப்பாவில் எப்போதும் இருக்கட்டும்.